ஐம்பதில் வளையுமா?

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பது நம் வீடுகளில் நெடுங்கால வழக்கு. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றுஞ் சொல்லுவர். பழமொழி மூன்றாயினும் உட்பொருள் ஒன்றே. மனிதன் எப்படியாவான் என்பது அவன் வாழ்வின் முதற் சில ஆண்டுகளிலேயே முடிந்துபோகின்ற காரியம் என்பதே அது. குழந்தையைக் கண்ணுங் கருத்துமாக வளர்க்க இக்கொள்கை தூண்டுமாயின் நன்றே. ஆயின் நடைமுறையில் அது பெரும்பாலும் வேறொரு வேலைக்கே பயன்படுகின்றது. பத்து வயதுப் பையன் கணக்கிற் பின்தங்கிவிட்டால், பதினைந்து வயதுப் பெண் சொற்கேளாது நின்றால், "இது இனி உருப்படாது" என்று தீர்ப்புக் கூறிக் கைகழுவுவதற்கு இப்பழமொழிகள் சாட்சிக்கு அழைக்கப்படுகின்றன. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளிற் சில வீடுகளைப் பார்த்தவர்கள் நாம் சொல்வதை அறிவர். பத்து வயதிலேயே ஒரு பிள்ளையின் வாழ்வுக் கணக்கு மூடப்பட்டதுபோல அங்கே துக்கங் காக்கப்படுகின்றது.

இப்பழமொழிகள் மெய்தானா? பட்டிமன்றம் வைத்துத் தீர்க்கக்கூடிய கேள்வி அன்று இது. கருவறை தொடங்கி முதுமை வரையில் மனிதன் உடலாலும் அறிவாலும் உணர்ச்சியாலும் மாறிவரும் வகையை ஆராயும் உளநூற் பகுதியை விருத்தி உளவியல் என்று வழங்குகின்றோம். அத்துறையினர் இதற்கு விடைகாண இரு வழிகளைக் கைக்கொண்டனர். ஒன்று, பத்து வயதினர், முப்பது வயதினர், அறுபது வயதினர் என வெவ்வேறு வயதுக் கூட்டங்களை ஒரே காலத்தில் அழைத்துச் சோதித்து ஒப்பிடுதல். இது விரைவில் முடியும், செலவுங் குறைவு. மற்றது, ஒரே கூட்டத்தினரைப் பிறப்பு முதலாக ஆண்டுக்கணக்கிற் பின்தொடர்ந்து செல்லுதல். முன்னதைக் குறுக்காய்வு என்றும் பின்னதை நெடுக்காய்வு என்றும் கூறலாம். நெடுக்காய்வு செய்ய முனைபவர் தம் ஆயுளின் பெரும்பகுதியை அதற்கே ஈடுவைக்க வேண்டும். விதைத்தவரே அறுவடை செய்வார் என்பதற்கும் உறுதியில்லை. ஆயினும் பழமொழியின் கேள்விக்கு நேர்விடை தரவல்லது அதுவே.

பசிபிக் மாகடலில், ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் வடமேற்கு ஓரத்திற் கவாய் என்றொரு சிறு தீவு உண்டு. கரும்புத் தோட்டங்களிலும் அன்னாசித் தோட்டங்களிலும் வேலை செய்யவென யப்பான், பிலிப்பைன்சு, போர்த்துக்கல், சீனம், கொரியா முதலிய நாடுகளிலிருந்து முற்காலத்திற் கொண்டுவரப்பட்ட தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பலர் அங்கு வாழ்ந்தனர். எமது மலைநாட்டின் வரலாறு அறிந்த வாசகர்க்கு அவ்வாழ்க்கையின் சாயலை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1955ஆம் ஆண்டில் அத்தீவிற் பிறந்த 698 குழந்தைகளை ஓர் ஆய்வுக்குழு தன் ஏட்டிற் பதிந்துகொண்டது. அன்னையர் கருவுற்றிருந்த காலத்திலேயே பொதுச் சுகாதாரத் தாதிமார் விபரங்களைத் திரட்டத் தொடங்கினர்; பிள்ளை வைத்தியரும் உளநூலாரும் சமூக ஊழியரும் பின்னர்த் தொடர்ந்தனர். பிள்ளைகளை ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் பத்திலும் பதினெட்டிலும் முப்பத்திரண்டிலும் நாற்பதிலும் தேடிச்சென்று ஆராய்ந்தனர். இப்பணியிற் பலகாலம் உழைத்தவர் எமி வேர்ணர் என்னும் பெண்மணி. 1929இற் செருமனியிற் பிறந்து, உலகப் போரின் நடுவே பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர். பின்பு கலிபோர்ணியாவிற் பேராசிரியராயிருந்து 2017இல் மறைந்தார். அவருடன் தோள்கொடுத்து நின்றவர் ரூத் சிமித் என்னும் உளநூலார்.

அக்குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மிகுந்த இடர்ப்பாட்டினிடையே பிறந்தவர்கள். அவர்களுக்கு வறுமை மாத்திரம் இடராக அமையவில்லை. பிறப்பின்போது நேர்ந்த கேடு, எழுத்தறிவு குன்றிய தாய், குடிகாரத் தந்தை, மனநோய் கண்ட பெற்றோர், ஓயாத சச்சரவு, மணமுறிவு என்று இடர்கள் பலவகைப்பட்டன. இரண்டு வயது நிரம்புமுன்னரே அவற்றுள் நான்கேனும் அதற்கு மேலேனும் ஒருசேரச் சூழ்ந்த குழந்தைகளையே ஆய்வாளர் இப்பிரிவில் வைத்தனர். ஓரிடரைத் தாங்கும் பிள்ளை பல இடர் ஒன்றன்மேலொன்றாக ஏறும்போது சாய்ந்துவிடுகின்றது என்பது இதனால் அறியப்படும்.

எதிர்பார்த்தபடியே அப்பிரிவினருள் மூன்றில் இருபங்கினர் பத்து வயதிற் படிப்பிலோ நடத்தையிலோ பெருந் தொல்லைக்கு உள்ளாயினர். அன்றிப் பதினெட்டு வயதுக்குள் குற்றச்செயல், மனக்கோளாறு, மணமாகுமுன் கருவுறுதல் முதலியவற்றில் அகப்பட்டனர். எஞ்சிய ஒரு பங்கினரோ, அதாவது 30 ஆண்மக்களும் 42 பெண்மக்களுமாக 72 பேர், எக்குறையுமின்றிப் படித்து, தன்னம்பிக்கையுடனும் பிறர்மேற் பரிவுடனும் வளர்ந்து நின்றனர். அதே வறுமைக்கும் அதே சச்சரவுக்கும் நடுவே வளர்ந்தவர்களே இவர்களும். முளையை மாத்திரம் பார்த்துப் பயிரைச் சொல்லியிருந்தால் இந்த 72 பேர் விடயத்திற் பழமொழி பிழைபட்டிருக்கும்.

இவர்களை வேறாக்கியது எது? இங்கேதான் ஆய்வின் சாரம் உள்ளது. முதலாவது, பிறவிச் சுபாவம். கைக்குழந்தையாயிருக்கும்போதே இவர்கள் கலகலப்பும் இணக்கமும் உடையவர்களென அன்னையர் கூறியிருந்தனர். சிரிக்கும் குழந்தையை எடுப்பார் பலர். எடுப்பார் பலராகவே குழந்தை மேலுஞ் சிரிக்கும். பிறவிக் குணமா வளர்ப்பா என்று நெடுங்காலமாக நடந்துவரும் வழக்குக்கு இதுவே தக்க விடையென நாம் கருதுகின்றோம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் செல்வன. பிறப்பின்போது நேர்ந்த கேட்டின் கதையும் அத்தகையதே. அக்கேடு மிகக் கடுமையாயிருந்தாலன்றி, நல்ல பராமரிப்புள்ள வீட்டில் அதன் சுவடு ஆண்டுகள் செல்லச்செல்ல மங்கியது. வறுமையும் குழப்பமும் நிறைந்த வீட்டிலோ அது பெருகியது.

இரண்டாவது, பிணைப்பு. பிறந்த ஓரிரு ஆண்டுக்குள் குழந்தை தன்னைப் பேணுவோருடன் கொள்ளும் உணர்ச்சிப் பிணைப்பே பிற்கால மனநலத்தின் அடித்தளம் என்று இங்கிலாந்தின் யோன் பவுல்பி என்னும் மனநோய் வைத்தியர் 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு அளித்த அறிக்கையில் வற்புறுத்தினார். அவ்வறிக்கையைப் படித்த பலர், தாய் ஒருத்தியாலன்றிப் பிணைப்பில்லை என்று பொருள்கொண்டு, வேலைக்குச் செல்லும் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினர். கவாய்த் தீவு காட்டியது அதுவன்று. பெற்றோர் தளர்ந்துபோன வீடுகளிற் பாட்டியோ, பெரியம்மாவோ, மூத்த சகோதரியோ, அயல்வீட்டாரோ, எவரேனும் ஒருவர் அப்பிள்ளையிடம் அசையாத அன்பு செலுத்தியிருந்தனர். ஒருவர் போதுமானவராயிருந்தார். அம்மம்மாவின் மடியில் வளர்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அவர்களுக்கு இவ்வுண்மையை ஓர் ஆராய்ச்சி வந்து சொல்ல வேண்டியிருந்ததில்லை.

மூன்றாவதாகக் கண்டது நமக்கு வியப்பளித்தது. இப்பிள்ளைகளிற் பலர் இளமையிலேயே வீட்டுப் பொறுப்பு ஏற்றவர்கள்: தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டவர்கள், சமைத்தவர்கள், பகுதிநேர வேலைசெய்து குடும்பத்துக்கு உதவியவர்கள். தம்மால் ஒரு காரியம் நடக்கின்றது, தாமில்லாவிடில் நடவாது என்னும் எண்ணம் அவர்களுக்கு ஊன்றுகோலாயிற்று. பிள்ளை படிக்கட்டும் என்று ஒரு குவளையைக்கூடக் கழுவவிடாத தாய்மார் இதனைச் சற்றே எண்ணிப்பார்க்கலாம். பிள்ளையின் தலையிற் குடும்பப் பாரத்தைச் சுமத்துக என்று நாம் கூறவில்லை. தன்னை நம்பி ஒருவர் இருக்கின்றார் என்று பிள்ளை உணர்வது வேறு, சுமையால் நசுங்குவது வேறு. இவற்றோடு, பாடசாலையில் விருப்பத்துக்குரிய ஓர் ஆசிரியர் தமக்கு வாய்த்திருந்தாரென்று பலர் பின்னாளிற் சொன்னார்கள். பாடம் மட்டுஞ் சொல்லிக்கொடுத்தவரை அவர்கள் குறிக்கவில்லை. வழிகாட்டியும் நம்பிக்கைக்குரியவருமாய் இருந்தவரையே குறித்தனர். ஆசிரியத் தொழிலிலுள்ள நாம் இதனைப் பெருமையுடன் படித்தோம், அச்சத்துடனும் படித்தோம். அவ்வொருவர் நம் வகுப்பறையில் எப்பிள்ளைக்கு வேண்டப்படுகின்றார் என்பது இடாப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியதன்று.

தோல்வியடைந்த மூன்றில் இருபங்கினர் என்னவாயினர்? ஆய்வு பதினெட்டாம் வயதோடு நின்றிருக்குமாயின் அவர்கள் கதையும் அங்கேயே முடிந்திருக்கும், பழமொழிக்காரரும் வென்றிருப்பர். வேர்ணர் நிற்கவில்லை. முப்பத்திரண்டாம் வயதிலும் நாற்பதாம் வயதிலும் தேடிச்சென்றபோது, இளமையிற் குற்றஞ்செய்து பிடிபட்டவர்களிற் பெரும்பாலார் ஒழுங்கான குடிமக்களாகி யிருந்தனர். பதின்ம வயதிலே தாயான பெண்களிற் பெரும்பாலார் படிப்பைத் தொடர்ந்து, தொழில் தேடி, தம் காலில் நின்றனர். 1992ஆம் ஆண்டு செப்டெம்பரில் இனிக்கி என்னும் பெரும் புயல் அத்தீவைச் சூறையாடியது. நாற்பதாம் வயதுக் கணக்கெடுப்பு அதற்குப் பின்னர் நடந்ததென்பதையும் கருத வேண்டும்.

திருப்பம் எங்கே நேர்ந்தது என்பதை அவர்களே சொன்னார்கள். சிலருக்குப் பிரதேசக் கல்லூரியில் வளர்ந்தோர் கல்வி, சிலருக்குப் படைச்சேவை, வேறு சிலருக்கு நிதானமுள்ள ஒரு வாழ்க்கைத்துணை, இன்னுஞ் சிலருக்குச் சமயப்பற்று, ஒருசிலருக்கு உயிர்தப்பிய கடும் நோய். எவையும் அரிய மருந்துகளல்ல. இரண்டாந்தரம் உள்ளே நுழைய ஒரு கதவு திறந்திருந்தது, அவ்வளவே. பரீட்சையிற் தவறியவன் இருபத்தைந்து வயதிற் திரும்பிவந்து படிக்க ஓரிடம் இருக்கின்றதா, இல்லையா என்பதில் எத்தனையோ வாழ்வுகள் தங்கியுள்ளன.

எல்லாரும் மீண்டார்கள் என்று எழுதிவிட்டால் அது பொய்யாகும். மனநோய் முற்றியவர்களும் குடிப்பழக்கத்தில் அமிழ்ந்தவர்களும் சிலர் மீளவில்லை. வெற்றிபெற்ற 72 பேரிலும் சிலர் அதற்கொரு விலை கொடுத்தனர். தம்மை மூழ்கடிக்கவிருந்த பெற்றோரிடமிருந்து மனத்தால் விலகி நின்றே அவர்கள் கரையேறினர். மன அழுத்தத்தால் வரும் உடல் நோய்களும் சிலரைப் பற்றின. நோயும் இழப்பும் தாக்கியபின் நிமிர்கின்ற இவ்வாற்றலை மீண்டெழுந்திறன் என்று இன்று உளநூலார் குறிக்கின்றனர். இரும்பாலான பிள்ளை என்று எவரும் இல்லை.

பழமொழிக்கும் ஒரு பக்க நியாயம் உண்டு. அதனையும் சொல்லிவிடுவோம். 1989ஆம் ஆண்டின் இறுதியில் ருமேனியாவில் சௌசெசுக்குவின் ஆட்சி கவிழ்ந்தபோது, அந்நாட்டு அநாதை இல்லங்களின் கதவு உலகுக்குத் திறந்தது. தொட்டில்களிற் கிடந்த குழந்தைகளுக்கு உணவு போதாது, பேசுவாருமில்லை, தூக்குவாருமில்லை. அங்கிருந்து இங்கிலாந்துக் குடும்பங்களுக்குத் தத்துச் சென்ற 165 குழந்தைகளை மைக்கேல் றட்டர் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் இளம் பராயம் வரை பின்தொடர்ந்தனர். ஆறு மாதம் நிரம்புமுன் மீட்கப்பட்டவர்கள் ஏனைய பிள்ளைகளைப் போலவே வளர்ந்தனர். அதற்கு மேலும் அங்கே கிடந்தவர்களிற் பலருக்குக் கவனம் நிலைகொள்ளாமையும் பிறரோடு பழகுவதிற் கோணலும் இருபது வயது கடந்தும் நீடித்தன. சில திறன்கள் மலர்வதற்கென்று நுண்ணுணர்வுக் காலம் ஒன்று உண்டு. அக்காலத்தில் எதுவும் கிடையாது போனால் இழப்பு ஆழமானது. ஆயினும் அவர்களுள்ளும் ஐந்தில் ஒருவர் எக்குறையுமின்றி வளர்ந்தனர். ஆறு வயதில் அறிவு மந்தமாய்க் காணப்பட்ட பலர் வளர்ந்தபின் அறிவுத்திறனில் ஏனையோரை எட்டிவிட்டனர். ஐந்து வயது முக்கியமானதே. அதுவே கடைசி வாய்ப்பு என்பதுதான் பொருந்தவில்லை.

வளர்ச்சியைப் பருவங்களாக வகுப்பது தமிழர்க்குப் புதிதன்று. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பிள்ளைத்தமிழ்ப் புலவர் குழந்தை தலையெடுப்பதையும் கைகொட்டுவதையும் தளர்நடையிட்டு வருவதையும் நிரல்படுத்திப் பாடினர். மாதக்கணக்கு நூலுக்கு நூல் வேறுபடினும், குழந்தையை உற்றுநோக்கிய கண்கள் அவை. ஆனால் ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேரோடும் பெண்பாற் பிள்ளைத்தமிழ் ஊசலோடும் நின்றுவிடுகின்றன. சிந்தனை வளர்ச்சிக்கு நான்கு படிகள் வகுத்த சுவிற்சர்லாந்து அறிஞர் பியாசேயும் குமரப் பருவத்தோடே நிறுத்திக்கொண்டார். முதுமை வரையிலும் எட்டுப் பருவங்களை வகுத்து, ஒவ்வொன்றிலும் மனிதன் தீர்க்கவேண்டிய ஒரு போராட்டம் உண்டென்று 1950இல் நூலெழுதியவர் எரிக் எரிக்சன். குழந்தைக்கு உலகை நம்பலாமா என்ற கேள்வி. குமரனுக்கு நான் யார் என்ற கேள்வி. நடுவயதினனுக்கு எனக்குப்பின் வருவோரை வளர்க்கின்றேனா, அன்றி நின்ற இடத்திலே தேங்குகின்றேனா என்ற கேள்வி. முதியவனுக்கு இவ்வாழ்வை ஏற்றுக்கொள்கின்றேனா என்ற கேள்வி. முன்னைப் பருவத்திற் தோற்ற போராட்டம் பின்னைப் பருவத்திலே மறுபடியும் தலைதூக்கும், அப்போதும் வெல்லலாம் என்பது அவர் கொள்கை. இஃது அளந்து நிறுவிய விஞ்ஞானமென்பதிலும் அனுபவமுள்ள ஒருவர் வரைந்த தேசப்படம் என்பதே பொருந்தும் என்பது எமது எண்ணம்.

எரிக்சனின் வாழ்வே இவ்விடத்திற் கருதத்தக்கது. 1902இற் செருமனியிற் பிறந்த அவர் தம் தந்தை இன்னாரென ஒருநாளும் அறிந்தாரில்லை. பள்ளிப் படிப்பிற் சிறந்தாருமல்லர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாருமல்லர். சித்திரம் வரைந்துகொண்டு ஊரூராக அலைந்த இளைஞர், 1927இல் வியன்னாவில் ஒரு சிறு பள்ளியிற் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சென்றார். அங்கே பிராய்டின் மகள் அன்னாவிடம் உளப்பகுப்பாய்வு பயின்றார். 1960இல் அமெரிக்காவின் ஹார்வட் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். காந்தியடிகளைப் பற்றி அவரெழுதிய நூல் 1969இல் வெளிவந்து புலிற்சர் பரிசு பெற்றது. அந்நூலில் அவர் நடுநாயகமாக எடுத்துக்கொண்டது, 1918இல் அகமதாபாத்து ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அடிகள் மேற்கொண்ட உண்ணாநோன்பு. அப்போது அடிகளுக்கு வயது 48.

ஐம்பது வயதின் அறிவு பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முன்னர்க் குறுக்காய்வு செய்தோர், முப்பது கடந்தாற் அறிவு சரிகின்றது என்று அறிவித்திருந்தனர். அவர்கள் ஒப்பிட்டது எவரை? பாடசாலையில் நெடுங்காலம் படித்த இளைஞரையும், அவ்வாய்ப்புக் கிட்டாத முதியவரையும்! தலைமுறைக்குத் தலைமுறை கல்வியில் ஏற்பட்ட வேறுபாட்டை வயதின் குற்றமாக எழுதிவிட்டனர். 1956இல் வோர்ணர் ஷாய் என்பவர் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் 500 பேரைக்கொண்டு தொடங்கிய ஆய்வு, ஏழாண்டுக்கொருமுறை அவர்களையே மீண்டும் சோதித்தது. சோதனையை விரைந்து முடிக்கும் வேகம் இளமையிலேயே குறையத் தொடங்குவது உண்மை. ஆயின் சொல்வளமும் பொருளுணர்தலும் ஐம்பதுகளிலுங்கூட ஏறுமுகமாகவே இருந்தன. ஏனைய திறன்களிற் பலவும் அறுபது வரையிற் பெரிதாகச் சரியவில்லை.

ஷாயும் அவர் மனைவி செரி வில்லிசும் இன்னொரு சோதனையும் நடத்தி 1986இல் அறிவித்தனர். பதினான்கு ஆண்டுகளாகச் சியாற்றில் ஆய்விற் பங்குகொண்ட முதியவர்களுள் நியாயித்தல், இடவுருவம் உணர்தல் என்னும் திறன்களிற் சரிவு கண்டவர்களைப் பிரித்தெடுத்து, அவற்றுள் ஒன்றிற் பயிற்சியளித்தனர். சரிந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேர் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பிருந்த தம் நிலைக்கே திரும்பினர். பயிற்சி பெற்றோரின் சராசரி வயது எழுபதைக் கடந்திருந்தது. பயிற்சியோ மொத்தம் ஐந்து மணி நேரம்.